அண்ணனுக்கு ஒரு கேம் இரவல்

போன ஆடி மாதம் அண்ணன் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருந்தான். ஷார்ஜாவில் ஒன்பது வருடமாக வேலை. வந்த நாளிலிருந்து ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அவன் ஆடியது ஸ்டார்டியூ வேலி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், தாத்தா விட்டுப்போன பாழடைந்த நிலத்தை ஒருவன் கல்லும் முள்ளும் பொறுக்கிச் சீர்செய்து, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, ஊராரோடு பழகி வாழ்கிற கேம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்து 2016-ல் வெளியிட்டது. படம், இசை, கதை, நிரல் எல்லாமே அவர் ஒருவர் கைவேலை. அண்ணனுக்கு ஏன் இவ்வளவு பிடித்தது என்று நான் கேட்கவில்லை. எங்கள் தாத்தாவுக்கும் ஒன்றரை ஏக்கர் இருந்தது, இப்போது இல்லை.

லீவு முடிவதற்குள் ஒரு வருடப் பயிரை முடித்து இரண்டாம் வருட வசந்தத்துக்குள் வந்துவிட்டான். கிளம்புகிற அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டே, "டேய், அந்த கேமை எனக்கும் குடுத்து விடேன், அங்க ரூம்ல லேப்டாப் சும்மாதான் கிடக்கு" என்றான். சரிண்ணா, அதுக்கென்ன என்று சொல்லிவிட்டேன். நான் கேம் வாங்குகிற ஸ்டீம் என்ற இணையக் கடையில் குடும்பத்தோடு பகிரும் வசதி இருக்கிறது, என் மனைவியும் நானும் ஏற்கெனவே அப்படித்தான் ஆடுகிறோம், காலியிடமும் இருந்தது. அவன் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை அழைப்பு அனுப்பினேன். நடக்கவில்லை. வேறு நாட்டில் இருப்பவரைக் குடும்பத்தில் சேர்க்க முடியாதாம். விதியை முழுதாகப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது, ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்குத்தான் அந்த வசதி.

கூடப் பிறந்தவன், ஒரே ரேஷன் கார்டில் இருந்தவன், ஒரு கணக்குக் குழுவில் குடும்பமாக முடியவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, ஆனால் மனதில் முள் மாதிரி நின்றுவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் சின்ன வயதில் டிவி கேம் என்று ஒரு பெட்டி. கருப்பு, சிவப்பு நிறத்தில் இரண்டு கைப்பிடி, மேலே கேசட் சொருகும் வாய். அந்தக் கேசட்தான் எங்கள் தெருவில் பணம். யார் வீட்டில் எந்தக் கேசட் இருக்கிறது என்று எல்லோருக்கும் மனப்பாடம். காண்ட்ரா இருந்த கேசட் எதிர்வீட்டில், மரியோ எங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கைமாறும், ஞாயிறு ராத்திரிக்குள் திரும்பி வரவேண்டும். திருப்பித் தராதவனுக்கு அடுத்த வாரம் ஒன்றும் கிடைக்காது, அவ்வளவுதான் சட்டம். யார் நம்பிக்கையானவன், யார் கேசட்டைத் தரையில் போடுவான், யாரை அம்மா திட்டுவாள், அதனால் யாருக்கு இரண்டு நாள் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அண்ணன் முடிவு செய்வான். பொருள் எங்களுடையது, யாருக்குக் கொடுப்பது என்பதும் எங்களுடையது. இந்த இரண்டும் தனித்தனி விஷயம் என்று அப்போது யாருக்கும் தோன்றியதே இல்லை.

இப்போது இரண்டும் பிரிந்துவிட்டன. கடைக் கணக்கில் நான் வாங்கிச் சேர்த்த என் லைப்ரரியில் 140 கேம் இருக்கிறது, பதினோரு வருடச் சேமிப்பு, பெரும்பாலும் தள்ளுபடியில் வாங்கியவை. அவற்றில் ஒன்றைக் கூட, நான் நினைத்த ஒருவருக்கு, நான் நினைத்த நேரத்தில் கொடுக்க என்னால் முடியாது. கடை "குடும்பம்" என்று ஒப்புக்கொள்கிறவருக்குக் கடை சொல்கிறபடிதான் கொடுக்கலாம்.

இது எப்படி வந்தது என்று பார்த்தால், 2013 ஜூன் மாதம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அதற்கு முந்தைய மாதம் அறிவித்த எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கன்சோலுக்கு, அதாவது டிவியில் மாட்டி ஆடும் பெட்டிக்கு, மைக்ரோசாஃப்ட் அப்போது விதிகளை வெளியிட்டது. டிஸ்க்கில் வாங்கிய கேமாக இருந்தாலும் கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் வந்து தலைகாட்ட வேண்டும். டிஸ்க்கை நண்பருக்குக் கொடுப்பதென்றால், அவர் உங்கள் நண்பர் பட்டியலில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு கேமை ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம். ஜனங்கள் கொதித்துப் போனார்கள். ஜூன் 10 அன்று போட்டி நிறுவனமான சோனி ஒரு சின்ன வீடியோ போட்டது, அரை நிமிடம் கூட இல்லை. தன் பிளேஸ்டேஷன் 4-ல் கேமைப் பகிர்வது எப்படி என்று காட்டும் வீடியோ. ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், பக்கத்தில் நிற்பவர் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார். முடிந்தது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் அந்த விதிகளை மொத்தமாகத் திரும்பப் பெற்றது.

இந்தக் கதையை எல்லோரும் வெற்றிக் கதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அன்று அந்த விதிகளோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. வீட்டார் பத்துப் பேர் வரை, எந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் உட்கார்ந்தும், உங்கள் லைப்ரரியிலிருந்து எடுத்து ஆடலாம் என்று ஒரு திட்டம் அதில் இருந்தது. நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே வீட்டார் ஒருவர் வேறு இடத்தில் ஆடலாம் என்றார்கள். டிஸ்க்கைக் காப்பாற்றினோம், சரிதான். ஆனால் அதற்குப் பிறகு இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் உட்பட எத்தனை பேர் டிஸ்க் வாங்குகிறோம்? என் கம்ப்யூட்டரில் டிஸ்க் போடும் இடமே கிடையாது. காப்பாற்றியது வழக்கொழிந்து போய்விட்டது, விட்டுக்கொடுத்ததுதான் இன்று தேவைப்படுகிறது.

கம்ப்யூட்டர் கேம் பக்கம் ஸ்டீம்தான் பெரிய கடை, அதனால் அதன் விதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதே 2013-ல் சோதனைக்கு விட்டு 2014 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்த பழைய முறையில், ஐந்து கணக்குகளுக்கு, பத்துக் கருவிகள் வரை அனுமதி கொடுக்கலாம். ஒரே சிக்கல், மொத்த லைப்ரரிக்கும் ஒரே சாவி. நான் ஒரு கேமைத் திறந்தால், என்னிடம் இரவல் வாங்கியவர் வேறு எந்த கேமில் இருந்தாலும் சில நிமிடத்தில் எழுந்துகொள்ள வேண்டும். நூறு புத்தகம் இருக்கிற வீட்டில் நான் ஒன்றைப் படிக்கும்போது மற்ற 99-ஐயும் யாரும் தொடக்கூடாது என்கிற மாதிரி.

2024 மார்ச்சில் புது முறையைச் சோதனைக்கு விட்டார்கள், செப்டம்பரில் அனைவருக்கும் வந்தது. ஸ்டீம் ஃபேமிலிஸ் என்று பெயர். ஆறு பேர் வரை. இதில் அந்தச் சாவிப் பிரச்சினை தீர்ந்தது. ஒரே நேரத்தில் ஆறு பேரும் ஆறு வெவ்வேறு கேம் ஆடலாம், ஒரே கேமை இருவர் ஆடத்தான் இரண்டு பிரதி வேண்டும். இது நியாயம், இதைவிட நியாயமாக யாராலும் செய்ய முடியாது. ஆடிய அளவைச் சேமித்து வைக்கும் சேவ் ஒவ்வொருவருக்கும் தனித்தனி. குழந்தைகளுக்கு எந்த கேம், எத்தனை மணி நேரம் என்று பெரியவர்கள் வைக்கலாம். பிள்ளை ஒரு கேமை வாங்கித் தரச் சொல்லிக் கேட்டால் பெரியவரின் போனுக்கே கோரிக்கை வரும். நல்ல யோசனையோடு செய்த வேலை, அதை மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் வாசலில் காவல் பலமாகிவிட்டது. ஒரே வீடு, ஒரே நாடு. ஒருவர் குடும்பத்தை விட்டு விலகினால், அவர் முதலில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும் வரை வேறு குடும்பத்தில் சேர முடியாது. அவர் உட்கார்ந்த இடமும் அதே ஒரு வருடத்துக்கு முடங்கிக் கிடக்கும். பிறகு இன்னொன்று. குடும்பத்தில் ஒருவர் உங்கள் பிரதியில் ஆடும்போது ஏமாற்று வேலை செய்து தடை வாங்கினால், அந்த கேமில் உங்களுக்கும் தடை விழும். கேம் செய்த நிறுவனம் விரும்பாவிட்டால் அந்த கேம் பகிர்வில் வராது. தனிக் கணக்கோ சந்தாவோ கேட்கிற கேம்களும் வராது. வாங்குவதற்கு முன்னால் கடைப் பக்கத்தில் வசதிகள் பட்டியலில் ஃபேமிலி ஷேரிங் என்று இருக்கிறதா என்று பாருங்கள், வீட்டில் இரண்டு பேர் ஆடுபவர்கள் இருந்தால் இது கட்டாயம்.

அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பரீட்சை லீவு முழுக்க எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். "மாமா, என்னையும் ஃபேமிலில சேர்த்துக்குங்க" என்று அவன் கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தாய்மாமன் குடும்பம் இல்லை என்றால் வேறு யார் குடும்பம்? அவன் காது குத்துக்கு என் மடியில் உட்கார்ந்தவன். ஆனால் விதிப்படி அவன் வேறு வீடு. ஒரே கூரைக்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள் இருப்பதுதான் குடும்பம் என்று யாரோ வரைந்த கோட்டில் எங்கள் மாதிரி வீடுகள் அடங்குவதில்லை. ஒருவர் ஷார்ஜாவில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் இரண்டு தெரு தள்ளி, அம்மா மட்டும் ஊரில். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் இருக்கின்றன.

நாட்டுக் கோடு ஏன் என்பது புரியாமல் இல்லை. விலை. பல கேம்கள் இங்கே ரூபாயில் அமெரிக்க விலையைவிடக் குறைவாகக் கிடைக்கின்றன. எல்லை இல்லாமல் பகிரலாம் என்றால் விலை குறைந்த நாட்டில் ஒருவரை வாங்கச் சொல்லி விலை கூடிய நாட்டில் ஐந்து பேர் ஆடுவார்கள். இதற்காகவே ஸ்டீமில் 2017-லிருந்து, விலை வித்தியாசம் அதிகமுள்ள நாடுகளுக்கிடையே கேமைப் பரிசாக அனுப்புவதும் தடை. பகிர்வு வசதியைக் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள், முன்பின் தெரியாத ஆறு பேரைக் குடும்பம் என்று கோர்த்துவிடுவார்கள். நாலு வருடம் தனியாக உட்கார்ந்து கேம் செய்கிற ஒருவரின் வயிற்றில் அடிக்கிற வேலை அது. நான் அதற்கு ஆதரவில்லை, ஒருபோதும் இல்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். எங்கள் கேசட் காலத்தில் கம்பெனிக்கு ஒரு பாதுகாப்பும் கிடையாது. அதற்கப்புறம் வந்த சிடி காலத்திலோ இரவல் வாங்கியவன் ராத்திரியோடு ராத்திரியாகக் காப்பி எடுத்து வைத்துக்கொள்ளலாம். இன்று அப்படியா? ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும் என்பதைக் கணக்கு முறையால் கச்சிதமாகப் பார்த்துக்கொள்ள முடியும். இரவல் கொடுத்தவரிடம் அது அந்த நேரம் இருக்காது, திரும்ப வரும் நாளைக் கூட அந்த முறையே கவனித்துக்கொள்ள முடியும். இரவல் இதைவிடப் பத்திரமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இந்த நேரத்தில்தான் இரவலுக்கு இவ்வளவு கட்டு.

செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது, நின்டெண்டோ பாதி தூரம் செய்திருக்கிறது. 2025 ஏப்ரல் கடைசியில் தங்கள் ஸ்விட்ச் என்ற கன்சோலுக்கு விர்ச்சுவல் கேம் கார்டு என்று கொண்டுவந்தார்கள். டிஜிட்டலாக வாங்கிய கேமைக் கேசட் மாதிரியே நடத்துகிறார்கள். குடும்பக் குழுவில் ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரு கேமை இரண்டு வாரத்துக்கு இரவல் கொடுக்கலாம். கொடுத்தால் உங்கள் பெட்டியிலிருந்து போய்விடும், நாள் முடிந்ததும் தானாகத் திரும்பி வரும், அவர் ஆடிய சேவ் அவரிடமே இருக்கும். மறுபடி இரவல் வாங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெள்ளிக்கிழமை கொடுத்து ஞாயிறு வாங்கின எங்கள் தெரு முறை அப்படியே இதில் இருக்கிறது! ஆனால் கொடுக்கும்போது இரண்டு பெட்டிகளும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். நேரில் வராத அண்ணனுக்கு அங்கேயும் வழியில்லை.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பக்கம் ஆளைப் பார்ப்பதில்லை, பெட்டியைத்தான் பார்க்கிறார்கள். ஒரு கன்சோலை உங்கள் வீட்டுப் பெட்டி என்று குறித்துவிட்டால் அதில் யார் உட்கார்ந்தாலும் உங்கள் கேமை ஆடலாம், நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து வேறு பெட்டியிலும் ஆடலாம். இதை வைத்துத்தான் நண்பர்கள் இருவர் ஒருவர் வீட்டுப் பெட்டியை மற்றவர் கணக்கில் குறித்து மாற்றி மாற்றி ஆடுகிறார்கள். பிளேஸ்டேஷன் 3-ல் வாங்கிய ஒரு கேமை ஐந்து கன்சோலில் போடலாம் என்று இருந்ததை 2011 நவம்பரில் இரண்டாகக் குறைத்ததும் இப்படிக் குழு சேர்ந்து பகிர்ந்தவர்கள் இருந்த காலத்தில்தான். எக்ஸ்பாக்ஸில் வீட்டுப் பெட்டியை வருடத்துக்கு ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது. இந்த வழியில் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கேமைக் கேட்ட நண்பரிடம் கார்டு நம்பர் சேர்ந்திருக்கிற கணக்கையே தூக்கிக் கொடுப்பது, ஒரு கேசட்டுக்காக வீட்டுச் சாவிக் கொத்தைக் கொடுப்பது போல. நேராக இரவல் கொடுக்க வழியிருந்தால் யாரும் இதைச் செய்யமாட்டார்கள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே சொல், உரிமம். நாம் வாங்குவதாக நினைக்கிறோம், அவர்கள் ஆட அனுமதி தருவதாக எழுதி வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 2024-ல் ஒரு சட்டம் போட்டார்கள், 2025 ஜனவரி 1 முதல் அமல். டிஜிட்டல் பொருளை விற்கும்போது அது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று எழுதக்கூடாது. அது அமலுக்கு வருவதற்கு முன்பே 2024 அக்டோபரில் ஸ்டீம், பணம் கட்டுவதற்கு முன் வரும் கூடைப் பக்கத்தில் அந்த வரியைச் சேர்த்துவிட்டது, இங்கேயும் தெரிகிறது, அடுத்த முறை பணம் கட்டும்போது பாருங்கள். பிரான்சில் யூஎஃப்சி கே ஷுவாசிர் என்ற நுகர்வோர் அமைப்பு, ஸ்டீமில் வாங்கிய கேமை மறுபடி விற்கும் உரிமை வேண்டும் என்று வழக்குப் போட்டது. 2019-ல் பாரிஸ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2022-ல் மேல்முறையீட்டில் அது தலைகீழானது, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. ஸ்டீம் ஒப்பந்தப்படி கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் முடியாது. அப்பாவின் கைக்கடிகாரம் அண்ணனிடம் இருக்கிறது, அப்பாவின் புத்தகங்கள் என்னிடம். என் 140 கேமும் யாரிடம் போகும்?

ஜிஓஜி என்ற கடை வேறு மாதிரி நடத்துகிறது, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. பூட்டு இல்லாத இன்ஸ்டாலர் கோப்பாகவே கேமைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் எத்தனை கம்ப்யூட்டரிலும் போட்டுக்கொள்ளலாம், பென்டிரைவில் எடுத்து வைக்கலாம், கடை நாளை மூடினாலும் கோப்பு நம்மிடம் இருக்கும். ஊருக்கெல்லாம் காப்பி போடாதீர்கள் என்று வாங்குபவரை நம்பிக் கேட்டுக்கொள்கிறார்கள். நம்மை நம்புகிற கடையை நாம் ஏமாற்றக்கூடாது, அதனால் அங்கே வாங்கியதை நான் வீட்டுக்கு வெளியே கொடுத்ததில்லை. இப்போது புது கேம் எது வாங்கினாலும் முதலில் அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஐந்து பேரை நான் சொல்கிறேன், அவர்கள் எந்த நாட்டில், எந்தத் தெருவில் இருந்தாலும் சரி. வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம் என்று வேண்டுமானால் வையுங்கள். நான் கொடுக்கிற நாளில் அந்த கேம் என்னிடம் இருக்க வேண்டாம். இரண்டு வாரம், ஒரு கேம், ஒரு ஆள். இதில் விற்பனை குறையும் என்று நான் நம்பவில்லை. எதிர்வீட்டுக் கேசட்டில் காண்ட்ரா ஆடிப் பார்த்துத்தான் அண்ணன் தீபாவளிக் காசு முழுவதையும் கொடுத்து அதே கேசட்டை வாங்கினான். ஆடிப் பார்த்தவன்தான் வாங்குவான்.

அக்கா மகனைக் குழுவில் சேர்க்கவில்லை. விதியை மீறி அவனுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. சனிக்கிழமை மதியம் சாப்பிட வருகிறான், ஆறு மணி வரை என் கம்ப்யூட்டர் அவனுடையது.

அண்ணன் விஷயம் இப்படி முடிந்தது. போன வாரம் அவனே அங்கே ஸ்டார்டியூ வேலியை வாங்கிவிட்டான். காசு பிரச்சினையே இல்லை, "முதல்லேர்ந்து கல்லு பொறுக்கணுமேடா" என்பதுதான் அவன் வருத்தம். அப்போதுதான் தோன்றியது, அந்த கேமின் சேவ் என்பது வெறும் ஒரு ஃபோல்டர், நம் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. பண்ணைக்காரன் பெயரும் ஒரு நீள எண்ணும் சேர்ந்த ஃபோல்டர். ஜிப் செய்து மெயிலில் அனுப்பினேன், எங்கே வைக்க வேண்டும் என்று போனில் சொன்னேன். ராத்திரி ஒரு மணிக்கு அவனிடமிருந்து வாய்ஸ் நோட் வந்தது. நட்டது எல்லாம் அப்படியே இருக்கிறதாம், நாய் வீட்டு வாசலிலேயே படுத்திருக்கிறதாம்.